குஞ்சு காக்கும் விராலை விட்டுவிடுங்கள்

நம் புதுச்சேரிப் பக்கத்து ஏரி குளங்களில் விராலுக்கு இருக்கும் மதிப்பு வேறு மீனுக்கு இல்லை. முள் குறைவு, ருசி அதிகம். பிரெஞ்சில் இதற்குப் ‘பாம்புத்தலை மீன்’ என்று பெயர். தலையைப் பார்த்தால் பொருத்தம்தான்.

சேறும் பாசியும் மண்டிய தண்ணீர்தான் இதன் வீடு. அவ்வப்போது மேலே வந்து வாயால் காற்றை விழுங்கிப் போகும். கோடையில் குளம் வற்றினால் ஈரச் சேற்றில் புதைந்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். தூண்டில்காரர்கள் முள்ளில் தவளையைக் கோத்து, அல்லி இலைகளுக்கு நடுவே தத்தவிட்டு இழுப்பார்கள். இப்போது ரப்பர் தவளையும் வந்துவிட்டது. அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆட்சேபணை, குஞ்சு பொரித்த நேரத்து வேட்டையில்தான். மழைக்காலத்தில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் குமிழியிட்டுத் திரியும். பெற்ற மீன்கள் அடியில் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் மேல் தவளையைப் போட்டால், பசிக்காக அல்ல, பிள்ளைகளைக் காக்கவே பாய்ந்து முள்ளில் மாட்டிக்கொள்ளும். இது சாமர்த்தியமா? காவல் போனபின் குஞ்சுகள் மற்ற மீன்களுக்கும் கொக்குக்கும் இரை. ஒரு வேளைக் குழம்புக்காக ஒரு குடும்பமே போகிறது.

இதற்கு அரசாணை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அரசாணைகளைக் கோப்பில் கட்டியே ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். பாகூர் ஏரியானாலும் ஊர்க்குளமானாலும், செந்நிறக் கூட்டம் தெரிந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வேறு பக்கம் போங்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தூண்டில் போடக் கற்றுத்தரும்போது இதையும் சேர்த்தே கற்றுக்கொடுங்கள்.