"தலைவலி, ஸார்!"

கணக்குப் பாடம் ஆரம்பமானதும் "தலைவலி, ஸார்!" என்று எழுந்து நிற்கும் பிள்ளைகளை 20 வருஷமாகப் பார்த்து வருகிறோம். பெரும்பாலும் மணி அடித்ததும் அந்த வலி பறந்துவிடும். ஆகையால் சென்ற வருஷம் ஒரு பையன் அவ்விதம் சொன்னபோதும், "உட்கார், சரியாய்ப் போய்விடும்" என்றோம். சில நாட்களாக அவன் முகம் உப்பியிருந்ததைக் கண்டும் நமக்கு ஒன்றும் தோன்றவில்லை. சற்றுப் பொறுத்து அவன் வாந்தி எடுத்துச் சோர்ந்து சாய்ந்தபோதுதான் பதறினோம்.

நெப்ராடிக் என்னும் சிறுநீரக நோய் அவனுக்கு நாலு வயது முதலே உண்டு. அது மறுபடியும் திரும்பியிருந்தது. மூளையிலிருந்து ரத்தத்தை வடிக்கும் நாளத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டதாக வைத்தியர் சொன்னார். தொத்து வியாதி என்று பிறர் ஒதுக்குவார்களோ என்று அஞ்சிப் பெற்றோர் பள்ளியில் சொல்லவில்லை. இது தொத்து வியாதியே அல்ல.

சிறுநீரகத்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். சிறுநீரகம் நுட்பமான ஒரு சல்லடை. இந்த நோயில் அதன் கண்கள் தளர்ந்து, ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் ஒழுகுகிறது. அதனால் ரத்தத்திலுள்ள நீர் வெளியே கசிந்து உடல் வீங்குகிறது. உள்ளே ரத்தம் தடிக்கிறது. ரத்தம் கண்ட இடத்தில் உறையாதபடி கடிவாளம் பிடிக்கும் ஆன்டித்ராம்பினும் கூடவே ஒழுகிப்போகிறது. நஷ்டத்தை ஈடுசெய்ய விரையும் ஈரலோ, ரத்தத்தை உறையச் செய்யும் பைப்ரினோஜனையும் ஏராளமாகத் தயாரித்துவிடுகிறது. கடிவாளமும் அறுந்து கொள்ளும் மிகுந்தால் குதிரை என்ன செய்யும்?

இதனால் பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிரெட்னிசோலோன் மருந்தால் வீக்கம் வடிந்துவிடும். நோய் பல முறை திரும்பினாலும், வயது ஏற ஏற அநேகருக்கு விட்டுப்போகும். ரத்தம் உறைவது 100 பேரில் ஏறக்குறைய 3 பேருக்குத்தான். ஆனால் அந்த மூவருக்கும் ஒவ்வொரு மணியும் முக்கியம்.

கடுந்தலைவலியுடன் வாந்தி, தூக்கக் கலக்கம், வலிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல், விலா வலியுடன் சிறுநீர் சிவத்தல், திடீர் மூச்சுத் திணறல்: இவற்றில் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும். வீக்கமுள்ள காலத்தில் பேதி கண்டால் ரத்தம் மேலும் தடிக்கும். அப்போதும் தாமதம் கூடாது. நீர் பிரியும் மருந்தைத் தாமாக அதிகப்படுத்தலாகாது. குழந்தையைப் படுக்கையிலேயே கிடத்தாமல் இயன்றவரை நடமாட விடவேண்டும். தினமும் காலையில் சோதனைப் பட்டையால் சிறுநீரைப் பார்த்துக் குறித்து வருவது நலம். சேர்ந்தாற்போல் 3 நாள் மூன்று பிளஸ் காட்டினால் நோய் திரும்பிவிட்டது என்று பொருள். ஆசிரியரிடமும் விஷயத்தைச் சொல்லிவையுங்கள்.

நம் பையன் பிழைத்துக்கொண்டான்; மூன்றாம் பெஞ்சில் மறுபடியும் உட்கார்ந்திருக்கிறான். கணக்குக்குப் பயந்து 100 பேர் நம்மை ஏமாற்றினாலும் பாதகமில்லை. நிஜமாகவே வலித்த ஒருவனை ஒரு முறை நம்பாமலிருந்தது போதும்.