துக்கியும் தக்காளியும்: எபிரேயச் சொற்கள் கற்பித்த பாடம்

தமிழ் மேடைகளில் எபிரேய மொழி அடிக்கடி சாட்சிக் கூண்டில் ஏற்றப்படும். "இறந்த மொழியையே யூதர்கள் எழுப்பிவிட்டார்கள், வாழும் தமிழை நாம் காக்க மாட்டோமா?" என்று பேச்சாளர் வினவுவார், அரங்கம் கைதட்டும். நாங்களும் கைதட்டியவர்களே. தமிழ் பயிற்றும் நாங்கள் சிலர் அந்த எபிரேயத்தின் அன்றாடச் சொற்களை அகராதி வைத்துக்கொண்டு கற்கத் தொடங்கினோம். அதன் பின்னரே, சாட்சி சொல்வது வேறு என்பது புரிந்தது.

முதற்பாடம் 'ஷாலோம்'. அமைதி என்று பொருள் கொண்டு கடந்துவிடுகிறோம். ஷ், ல், ம் என்னும் மூன்று மெய்களே அதன் வேர். குறையின்மை அதன் அடிப்பொருள். அம்மெய்களின்மேல் உயிர்கள் மாறி ஏற, 'ஷாலேம்' என்றால் முழுமையானது. 'ஷிலேம்' என்றால் பணம் செலுத்தினான். கடன் தீர்ந்தால்தானே கணக்கு முழுமை பெறும்! நலம் விசாரிக்கையில் ஆணிடம் 'மா ஷ்லோம்கா', பெண்ணிடம் 'மா ஷ்லோமேக்' என்பர். 'உன் முழுமை எவ்வாறுள்ளது?' என்பது போன்ற கேள்வி அது. இரக்கத்தைக் குறிக்கும் 'ரஹமீம்', கருப்பையைக் குறிக்கும் 'ரெஹெம்' என்பதோடு ஒரே வேரைப் பகிர்கிறது. இதை அறிந்த அன்று எங்களுள் ஒருவர் வெகுநேரம் பேசவில்லை.

இத்தகைய மொழி இறந்து கிடந்தது என்பதே முழு உண்மையன்று. ஏறத்தாழ ஆயிரத்து எழுநூறு ஆண்டுகள் அது எவர்க்கும் தாய்மொழியாக இருக்கவில்லை. ஆயினும் வழிபாட்டிலும் உரைநூல்களிலும் கவிதையிலும் கடிதங்களிலும் அதன் வழக்கு அறுபடவில்லை. இல்லாதிருந்தவை அடுக்களைச் சொற்களும் கடைத்தெருச் சொற்களுமே. 1881இல் பாலஸ்தீனத்தில் குடியேறிய எலியேசர் பென்-யெஹூதா (1858-1922) அக்குறையை நிரப்ப முனைந்தார். சொல்லைக் குறிக்கும் 'மிலா'விலிருந்து அகராதிக்கு 'மிலோன்' என்றும், காலத்தைக் குறிக்கும் 'ஏத்' என்பதிலிருந்து செய்தித்தாளுக்கு 'இத்தோன்' என்றும் படைத்தார். உறைபனியைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்து ஐஸ்கிரீமுக்குக் 'கிளீதா' பிறந்தது.

மின்சாரத்தின் கதை இன்னும் சுவையானது. எசேக்கியேல் கண்ட காட்சியில் நெருப்பின் நடுவே ஒளிர்வதாக வரும் 'ஹஷ்மல்' எதுவென்று உரைகாரர்கள் காலங்காலமாக வாதிட்டனர். பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு அதனை 'எலெக்ட்ரான்' என்றது. ஐரோப்பிய மொழிகளில் மின்சாரத்துக்கு வழங்கும் பெயர் அக்கிரேக்கச் சொல்லின் வழிவந்ததே. அந்த இழையைப் பற்றிக்கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கவிஞர் யெஹூதா லேப் கோர்தோன் 'ஹஷ்மல்' என்பதையே மின்சாரத்துக்குப் பரிந்துரைத்தார். இன்று இஸ்ரேலில் மின்கட்டணச் சீட்டிலும் அத்தீர்க்கதரிசியின் சொல்லே இருக்கிறது.

மேடைப் பேச்சு இவ்விடத்தோடு நின்றுவிடுகிறது. எங்கள் பாடம் நிற்கவில்லை. அடுத்து வந்தது தக்காளி. ஐரோப்பியர் சிலர் அதனைக் 'காதல் கனி' என்றழைத்ததைத் தழுவி, காமத்தைச் சுட்டும் வேரிலிருந்து 'அக்வானியா' என்று பெயரிட்டார் யெஹியேல் மிக்கேல் பைன்ஸ். பென்-யெஹூதாவுக்கு அது பிடிக்கவில்லை. அரபு வழிவந்த 'பதூரா'வையே அவர் வற்புறுத்தினார். சந்தை அவர் பேச்சைக் கேட்கவில்லை. தொலைபேசியோ 'தெலெஃபோன்' என்றே நிலைத்தது. அதிலிருந்து 'தில்ஃபென்' (தொலைபேசியில் அழைத்தான்) என்று ஒரு வினையையும் மக்கள் எபிரேய இலக்கணப்படியே ஆக்கிக்கொண்டனர். 'கிளம்பு' என்பதற்கு அரபு 'யல்லா'. 'அருமை' என்பதற்கு, ஆழ்ந்த காதலைக் குறித்த அரபுச் சொல்லின் வழிவந்த 'சபாபா'. ஒழுங்கற்ற குழப்பத்துக்குப் பாரசீகத்தில் மேல்மாடி அறையாயிருந்து ரஷ்ய மொழி வழியே வந்த 'பலகான்'. எபிரேய மொழிக் கழகம் 1953 முதல் சொற்களைப் படைத்தளித்து வருகிறது. அவற்றுள் சில நிலைக்கின்றன. சில ஏட்டோடு நின்றுவிடுகின்றன.

இந்த எழுச்சிக்கு ஒரு விலையும் உண்டு. 1882இல் பிறந்த தம் மகன் எபிரேயமன்றி வேறு மொழி கேளாமல் வளரவேண்டும் என்பது பென்-யெஹூதாவின் உறுதி. தாய் ரஷ்ய மொழியில் தாலாட்டியதற்குத் தந்தை கடுஞ்சினம் கொண்டதை அம்மகனே பின்னாளில் எழுதினார். 1923இல் டெல் அவிவில் மாணவர்கள் மொழிக் காவலர் படை அமைத்தனர். இத்திஷ் மொழி நிகழ்ச்சிகளில் புகுந்து குழப்பம் விளைவித்தனர். இத்திஷ் பேசிய பல லட்சம் பேர் நாஜிகளால் கொல்லப்பட்ட பின்னரும், இஸ்ரேலில் அம்மொழி மீதிருந்த இளக்காரம் உடனே நீங்கிவிடவில்லை. ஒரு மொழியின் வெற்றிக்கு எத்தனை தாலாட்டுகள் அடங்கிப்போயின என்பதை மேடைகள் எண்ணிச் சொல்வதில்லை.

நமக்குப் பெருமையளிக்கும் சொல்லொன்றும் உண்டு. சாலொமோனின் கப்பல்கள் கொணர்ந்தவற்றுள் விவிலியம் 'துக்கி' என்னும் பறவையைச் சேர்க்கிறது. அதனை மயில் எனக் கொண்டு, தமிழின் 'தோகை'யே அது என்றார் கால்டுவெல் (1856). அறிஞர் அனைவரும் இதனை ஏற்பதில்லை. நாங்கள் ஏற்கவே விரும்புகிறோம். ஆயினும் இன்றைய எபிரேயத்தில் துக்கி என்றால் கிளி! மயிலுக்கு 'தவாஸ்' என்று வேறு சொல் இருக்கிறது. புறப்பட்ட ஊரின் பொருளைச் சொல் கட்டிக் காப்பதில்லை; குடியேறிய இடத்தார் இட்ட வேலையைச் செய்கிறது.

ஆண்டுதோறும் விடைத்தாள்களில் 'பஸ்' என்றெழுதிய மாணவரின் வரியைச் சிவப்பு மையால் சுழித்தவர்கள் நாங்கள். பேருந்து நல்ல சொல். அதனைத் தொடர்ந்து கற்பிப்போம். புதுச்சொல் படைப்பதையும் விடமாட்டோம். ஆனால் அச்சுழிக்குள் அடைபட்டது அப்பிள்ளையின் வீட்டுப் பேச்சும்தான் என்பது இப்போது உறுத்துகிறது. எபிரேயத்தைச் சாட்சிக்கு அழைப்போர் அதன் அகராதியோடு அதன் சந்தையையும் சேர்த்தே அழைக்கட்டும். சாட்சியத்தில் பாதியைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பெழுதுவது தமிழுக்கும் நன்றன்று.