உரை வேண்டாத சூத்திரம்

கடினமான கருவியே தூய்மையானது. அதைக் கையாளத் தெரியாதவனுக்கு அங்கே இடமில்லை. லினக்ஸ் பயனர்களிடையே நெடுநாளாக உலவும் வாதம் இது. டைலிங் சாளர மேலாளர்களில் எதைத் தேர்வது என்ற பேச்சு எழும்போதெல்லாம் டிடபிள்யூஎம் என்ற பெயரோடு சேர்த்தே முன்வைக்கப்படுகிறது. இதை நான் முற்றாக மறுக்கிறேன்.

அறியாத வாசகருக்கு ஒரு விளக்கம். பழகிய கணினித் திரையில் சாளரங்கள் மேசைமேல் சிதறிய தாள்களைப்போல ஒன்றின்மேல் ஒன்று கிடக்கும். டைலிங் மேலாளரில் அவை தரையில் பதித்த ஓடுகளைப்போலத் திரையைப் பகிர்ந்துகொள்ளும். விசைப்பலகையே போதும், சுட்டியைத் தொட வேண்டியதில்லை. ஒருபுறம் கைப்பிரதி, மறுபுறம் அகராதி என்று வேலை செய்பவருக்குப் பெரும் வசதி. (புதுமையும் அல்ல. 1985இல் வெளிவந்த முதல் விண்டோஸிலும் சாளரங்கள் பக்கம் பக்கமாகத்தான் நின்றன.)

2006இல் வந்த டிடபிள்யூஎம்மின் மூலநிரல் 2000 வரிகளைத் தாண்டக்கூடாது என்பது அதை உருவாக்கியவர்கள் தமக்கே விதித்துக்கொண்ட எல்லை. அழகான கட்டுப்பாடு, மறுப்பதற்கில்லை. சி மொழி கற்பவர் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். ஆனால் ஒரு விசையை மாற்ற வேண்டுமானாலும் நிரலின் ஒரு பகுதியைத் திருத்தி, மீண்டும் தொகுத்து, புதிதாகத் தொடங்க வேண்டும். கூடுதல் வசதி வேண்டுமா? யாரோ எழுதிய ஒட்டு ஒன்றைச் சேர்க்க வேண்டும். இரண்டு ஒட்டுகள் ஒரே வரியில் கைவைத்தால் பிணக்கைத் தீர்ப்பது உங்கள் பாடு. இதனால் பயனர் வட்டம் சிறியதாகவும் மேட்டிமை கொண்டதாகவும் இருக்கும் என்று அதன் தளமே அறிவித்திருக்கிறது. வேடிக்கைக்குச் சொன்னது என்பார்கள். அந்த வேடிக்கையைப் பலர் வேதமாக எடுத்துக்கொண்டார்கள்.

சூத்திரம் போதும், உரை எதற்கு என்னும் மனநிலை இது. இளம்பூரணர் முதலானோரின் உரைகள் இல்லாமல் தொல்காப்பியம் நமக்கு எவ்வளவு விளங்கியிருக்கும்? சுருக்கம் ஒரு குணம்தான். விளக்க மறுப்பதை அதே கணக்கில் சேர்க்க முடியாது.

2009இல் மைக்கேல் ஸ்டாப்பெல்பெர்க் தொடங்கிய ஐ3 நேரெதிர். அமைப்புகள் எளிய உரைக்கோப்பில் இருக்கின்றன. திருத்திவிட்டு ஒரு விசைச் சேர்க்கையை அழுத்தினால், திறந்திருப்பவை மூடாமலேயே மாற்றம் நடப்புக்கு வரும். பொறுமையாக எழுதப்பட்ட கையேடும் உண்டு. டிடபிள்யூஎம் தானாக அடுக்குகிறது, ஐ3இலோ கிடையாகவா நெடுக்காகவா என்று நாமே சொல்ல வேண்டும் என்பது எதிர்த்தரப்பின் குற்றச்சாட்டு. உண்மைதான். என் திரையை எப்படிப் பிரிப்பது என்று எனக்குத் தெரியுமாதலால் நான் இதைக் குறையாகக் கருதவில்லை. (2007இல் வந்த எக்ஸ்மொனாட், ஹாஸ்கல் மொழி கற்க விரும்புவோருக்கு நல்ல சாக்கு. அதற்குமேல் இங்கே பேச வேண்டாம்.)

பழைய எக்ஸ் முறைமையிலிருந்து லினக்ஸ் பணிமேடைகள் வேலண்டுக்கு நகர்ந்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. 2019இல் ஸ்வே 1.0 வெளியாயிற்று. முற்றிலும் வேறான நிரல்; ஆனால் ஐ3 பயனர் தம் அமைப்புக் கோப்பைப் பெரும்பாலும் அப்படியே அதில் இட்டுக்கொள்ளலாம். டிடபிள்யூஎம் வழியிலும் வேலண்டுக்கு டிடபிள்யூஎல் இருக்கிறது. அங்கும் திருத்தித் தொகுக்கும் சடங்கு தொடர்கிறது. பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பழைய ஒட்டுகள்தாம் அதில் ஒட்டுவதில்லை.