சோம்பல் அல்ல, சதையின் கணக்கு



"வயசாயிடுச்சுங்க, உடம்பு கேக்க மாட்டேங்குது" என்று குலை வெட்டும் தோழர் ஒருவர் போன மாதம் என்னிடம் சொன்னார். அவருக்கு வயது 41தான். தோளும் கழுத்தும் கட்டை போல இறுகிக் கிடந்தன. நடுநடுவே கம்பை இறக்கி வைத்துக் கையை உதறினாராம். அதற்கு மண்டோர் "சோம்பேறி" என்று திட்டினாராம். இது சோம்பலா என்று கொஞ்சம் பார்ப்போம்.

நாம் சதை என்று சொல்வதைத்தான் படித்தவர்கள் தசை என்கிறார்கள். எலும்போடு சேர்ந்த தசைகள் நம் உடம்பில் 600-க்கும் மேலே உண்டு. உடம்பு எடையில் ஏறக்குறைய 40 சதவீதம் அதுதான். "நரம்பு இழுத்துக்கிச்சு" என்று நாம் சொல்வது பெரும்பாலும் நரம்பே அல்ல, இந்தத் தசைதான். நரம்பு கட்டளையைக் கொண்டு வரும், அவ்வளவே.

ஒரு தசையைப் பிரித்தால் கயிறு மாதிரி இருக்கும். கயிற்றுக்குள் புரி, புரிக்குள் நார், நாருக்குள் இன்னும் மெல்லிய இழை. அந்த இழைகளிலே தடித்தது ஒன்று, மெலிந்தது ஒன்று. இரண்டு கை விரல்களையும் லேசாகக் கோத்து உள்ளே தள்ளிப் பாருங்கள். விரல் குட்டையாவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று நுழைகிறது. தசை சுருங்குவதும் அப்படித்தான். 1954-ல் தான் விஞ்ஞானிகள் இதைக் கண்டு சொன்னார்கள்.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் ஜோடி ஜோடியாக இருக்கிறது. கையை மடக்க முன்புறச் சதை, நீட்ட பின்புறச் சதை. ஒன்று இழுத்தால் மற்றது விட்டுக் கொடுக்க வேண்டும். விடுவதற்கும் சக்தி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. செத்த உடம்பு ஏன் விறைக்கிறது? பிடித்த இழைகளை விடுவிக்கச் சக்தி இல்லாமல் போவதால்தான்.

அந்தச் சக்தி இரத்தத்தில் வருகிற சாப்பாட்டிலிருந்தும் மூச்சுக் காற்றிலிருந்தும் கிடைக்கிறது. நடக்கும்போது தசை சுருங்கி விரிகிறது, நடுவிலே இரத்தம் ஓடுகிறது. குலை வெட்டும்போது அப்படியா? தலையை அண்ணாந்து, நீளக் கம்பைத் தூக்கி, அரிவாள் சரியான இடத்தில் மாட்டும் வரை அசையாமல் பிடிக்கிறோம். அப்போது இறுகிய தசை தன் இரத்தக் குழாயைத் தானே நெரித்துக்கொள்கிறது. பலத்தில் பாதியைப் போட்டுப் பிடித்தாலே இரத்தம் வெகுவாகக் குறைந்துவிடும். கையை இறக்கி உதறினால்தான் மறுபடி ஓடும். ஆக, அந்தத் தோழர் செய்தது சோம்பல் அல்ல, தசை கேட்டதைக் கொடுத்தார்.

முதுகுக்கு இதைவிட மோசமான கணக்கு. நம்மை நிமிர்த்தும் முதுகுத் தசை முதுகெலும்பு மையத்திலிருந்து சுமார் 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இழுக்கிறது. 20 கிலோ குலையை 40 சென்டிமீட்டர் முன்னால் தள்ளிப் பிடித்தால், அந்தத் தசை குலைக்காக மட்டும் 160 கிலோ இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் பாரம் தனி. குலையை உடம்போடு ஒட்டி, முழங்காலை மடக்கித் தூக்கினால் அந்தப் பாரம் குறையும். இது நம் கையில் இருக்கிறது, இன்றைக்கே செய்யலாம்.

புது வேலைக்குப் போன மறுநாள் வருகிற வலிக்குப் பயப்பட வேண்டாம். நார்களில் சின்னச் சின்னக் கிழிசல், ஓரிரு நாளில் உச்சத்துக்குப் போய்த் தானே ஆறும். ஆற உறக்கம் வேண்டும், முட்டை, பருப்பு, நெத்திலி வேண்டும். ஆனால் கடும் வெயிலில் உழைத்த பிறகு தாங்க முடியாத வலி, வீக்கம், சிறுநீர் கோப்பி ஓ நிறத்தில் போவது, இவை வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டு லயத்திலே படுத்திருக்காதீர்கள். தசை உடைந்து அதன் சாயம் இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்று அர்த்தம். வலி மாத்திரையும் போட்டுக்கொள்ளக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இப்போது என் கருத்தைச் சொல்கிறேன். தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, நடுவே 30 நிமிடமாவது ஓய்வு வேண்டும் என்று 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம் சொல்கிறது. நல்லதுதான், ஆனால் தசை 5 மணி நேரம் காத்திருக்காது. அதற்கு வேண்டியது சில குலைக்கு ஒருமுறை இரண்டு நிமிடம், வெட்டுகிறவரும் பொறுக்குகிறவரும் நடுவில் மாற்றிக்கொள்வது. குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவன் இரண்டு நிமிடம் நின்றால் நட்டம் யாருக்கு? அவனுக்குத்தானே! "நீங்களே ரெஸ்ட் எடுத்துக்குங்க" என்று நிர்வாகம் சொல்வது இதனால்தான் வெறும் பேச்சு. ஓய்வையும் கூலிக் கணக்கில் சேர்க்க வேண்டும், உயர்ந்த மரத்துக்கு உயர்ந்த விலை வேண்டும்.

1994-ஆம் ஆண்டு வேலைப் பாதுகாப்புச் சட்டப்படி 40 பேருக்குக் குறையாத இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உண்டு. உங்கள் தோட்டத்தில் அது யார் என்று தெரியுமா? தெரியாவிட்டால் அடுத்த கிளைக் கூட்டத்தில் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். வேலையில் முதுகு பிடித்தால் அன்றைக்கே கிளினிக்கில் பதிய வையுங்கள், சொக்சோவுக்கு அந்தச் சீட்டுத்தான் சாட்சி. பக்கத்து லயத்து இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் சொல்லுங்கள். 2019 முதல் வேலை விபத்துக்கு அவர்களுக்கும் சொக்சோ உண்டு.