தலைக்கூத்தல் எங்கே நடக்கிறது, டாக்டர்?

கடந்த இதழில் மூத்த மருத்துவர் ஒருவர் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாலியேட்டிவ் கேர் என்று இப்போது பலரும் பேசுகிற வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சை, நம் தென்மாவட்டத் தலைக்கூத்தலின் நகரத்து வடிவம் என்பது அவர் கண்டுபிடிப்பு. எண்ணெய்க்குப் பதில் மார்ஃபின், இளநீருக்குப் பதில் ஒரு படிவம், மற்றதெல்லாம் ஒன்றுதானாம். மருத்துவர் என்றால் கடைசி மூச்சு வரை போராட வேண்டும். போராடாதவர் நோயாளியைக் கைவிட்டவர். நோயாளியிடம் உண்மையைச் சொன்னவர் அவரைப் பாதி கொன்றவர். கட்டுரையில் சரக்கு இவ்வளவுதான். மிச்சமெல்லாம் கண்ணீர்.

தலைக்கூத்தல் என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் வாசகருக்கு வயிறு கலங்கும். அந்தக் கலக்கத்தை நம்பியே கட்டுரை எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே தலைக்கூத்தல் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்குவோம். விருதுநகர் வட்டாரத்தில் படுக்கையில் விழுந்த கிழவருக்கு விடியற்காலையில் தலை நிறைய எண்ணெய் தேய்த்து, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, வயிறு கொள்ளாத அளவு இளநீர் குடிக்க வைப்பார்கள். காய்ச்சல் கண்டு ஓரிரு நாளில் கதை முடிந்துவிடும். 2010இல் ஒரு முதியவர் தமக்கு நாள் குறித்திருப்பதை அறிந்து வீட்டைவிட்டுத் தப்பியோடிய பிறகுதான் பத்திரிகைகள் இதைப் பற்றிப் பெரிதாக எழுதின. ‘பாரம்’ படமும் ‘கே.டி. (எ) கருப்புதுரை’யும் பின்னால் வந்தவை. இதில் கவனிக்க வேண்டியது எண்ணெயும் இளநீரும் இல்லை. அந்தக் கிழவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சாகவேண்டும் என்பதுதான் அங்கே நோக்கம். கவனிக்க ஆளில்லை, காசில்லை, வலிக்கு மருந்தில்லை என்கிற வீட்டில் அது நடக்கிறது.

இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு தேடினால், இன்றைக்கு நகரத்தில் தலைக்கூத்தல் நடக்கும் இடம் தெரியும். அது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல்.

நுரையீரலுக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்ட புற்றுநோயோடு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். குணமாக வழியில்லை என்று மருத்துவர்களுக்குத் தெரியும். வீட்டாரிடம் சொல்வது, “எங்களால ஆனதெல்லாம் பண்றோம்.” வென்டிலேட்டர் வைக்கிறார்கள், டயாலிசிஸ் செய்கிறார்கள். நகை அடகுக்குப் போகிறது, பிறகு நிலம். கையில் இருந்தது தீர்ந்த நாளில் வீட்டார் கேட்கிற வாக்கியம் வேறு: “வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னா போங்க. இங்க ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க.” மருத்துவ ஆலோசனைக்கு மாறாக வெளியேறினார் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். ஆம்புலன்ஸில் ஓர் உதவியாளர் பையை அழுத்தி அழுத்தி மூச்சுக் கொடுத்துக்கொண்டே வருவார். வீட்டு வாசலில் குழாயை எடுத்துவிட்டு வண்டி திரும்பிப் போகும். அதன் பிறகு அந்த மனிதர் மூச்சுக்குத் திணறுவதைப் பெண்டாட்டி பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மார்ஃபின் மாத்திரை இல்லை, ஒரு செவிலியர் இல்லை, கூப்பிட ஒரு தொலைபேசி எண்கூட இல்லை.

கடைசி மூச்சு வரை போராடுவதன் லட்சணம் இதுதான். கடைசி மூச்சு வரை என்று சொல்வார்கள். கடைசி ரூபாய் வரை என்பது நடைமுறை. நாடு முழுக்க மருத்துவமனை வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி பற்றி, கைவிடுதல் குறித்து இத்தனை பக்கம் எழுதியவர் ஒரு வரிகூட எழுதவில்லை. நோயாளியைக் கேட்காமல், வலிக்கு மருந்து தராமல், காசு தீர்ந்ததும் வெளியே அனுப்புகிறவர்கள் ஒரு பக்கம். வீட்டுக்கே போய்ப் புண் கழுவி, மருந்தின் அளவைச் சரிபார்த்து, அடுத்த வாரமும் வருவேன் என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் இன்னொரு பக்கம். இவர்களில் இரண்டாமவரைப் பார்த்துத்தான் அவருக்குத் தலைக்கூத்தல் நினைவுக்கு வருகிறது.

அடுத்து மார்ஃபின். மெல்லக் கொல்லும் விஷம், ஒருமுறை பழகினால் விடாது என்கிறார். இதை ஒரு டீக்கடையில் யாராவது சொல்லியிருந்தால் விட்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கான வழிமுறையை வெளியிட்டது 1986இல். வாய்வழியாகக் கொடு, மணிக்கணக்குப்படி கொடு, வலியின் படிநிலை பார்த்துக் கொடு என்ற அந்த முறையில், கடும் வலிக்கான மேல்படியில் இருப்பது மார்ஃபின். ஐந்து அல்லது பத்து மில்லிகிராமில் தொடங்கி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்து, வலி அடங்கும் அளவு வரை சிறுகச் சிறுகக் கூட்டுவார்கள். முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கும், பிறகு குறையும். மலச்சிக்கல் மட்டும் கூடவே இருக்கும், அதற்கு முதல் நாளிலிருந்தே மலமிளக்கி தரவேண்டும். (மார்ஃபின் எழுதி மலமிளக்கி எழுதாத மருத்துவர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் திட்டி ஒரு கட்டுரை எழுதியிருந்தால் நானே கைதட்டியிருப்பேன்.) இப்படி அளந்து கொடுக்கும் மார்ஃபின் மூச்சை நிறுத்திவிடாது. மூச்சுத்திணறலைத் தணிக்கவே குறைந்த அளவில் அதைக் கொடுக்கிறார்கள். மூன்று மாதத்தில் இறக்கப் போகிறவர் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று கவலைப்படுவதற்குத் தனி மனசு வேண்டும்.

இந்த பயத்துக்கு நாம் கொடுத்த விலை என்ன என்பதாவது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். மத்தியப் பிரதேசத்திலும் ராஜஸ்தானிலும் உழவர்கள் அரசு உரிமத்தோடு, மார்ஃபினுக்கு மூலமான அபினைப் பயிரிடுகிறார்கள். நீமச்சிலும் காசிப்பூரிலும் அதைப் பக்குவம் செய்ய அரசு ஆலைகள் உண்டு. இங்கே விளைந்தது வெளிநாட்டு நோயாளியின் வலியைத் தீர்க்கக் கப்பலேறியது. உள்நாட்டிலோ, 1985இல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு, பன்னிரண்டே ஆண்டில் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு ஏறத்தாழ 97 சதவீதம் சரிந்தது. ஒரு மாத்திரைக்குப் பல துறைகளின் உரிமம் தேவைப்பட்டால் எந்த மருந்தகம் வாங்கி வைக்கும்? பல ஆண்டு மன்றாடிய பிறகு 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் 2017இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் கணக்கிட்டபோது, இந்தியாவுக்குத் தேவையான வலிமருந்தில் கிடைப்பது 4 சதவீதம் அளவுதான் என்று வந்தது. கட்டுரையாளர் அந்த நான்கைப் பார்த்து நடுங்குகிறார். மிச்சம் 96 அவர் கண்ணில் படவேயில்லை.

கடவுளையும் துணைக்கு அழைத்திருக்கிறார். உயிரைக் கொடுத்தவனே எடுத்துக்கொள்ளட்டும் என்கிறார். இந்தக் கேள்விக்குப் போப் பன்னிரண்டாம் பத்திநாதர் 1957இலேயே பதில் சொல்லிவிட்டார். வலியைத் தணிப்பதே நோக்கம் என்றால், அந்த மருந்தால் ஆயுள் சற்றுக் குறைய நேர்ந்தாலும் கொடுக்கலாம் என்று மயக்க மருத்துவர்களிடம் சொன்னார். வாடிகனுக்கு வராத சந்தேகம் நம் டாக்டருக்கு வந்திருக்கிறது.

ஆயுள் குறையுமா என்பதும் அவர் நினைப்பதுபோல் முடிந்த விஷயமில்லை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில், பரவிய நுரையீரல் புற்றுநோய் உள்ள 151 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2010இல் முடிவு வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலிருந்தே ஆதரவுச் சிகிச்சையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11.6 மாதம். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். முதல் வகையினருக்குக் கடைசிக் கட்டத்தில் கடுமையான சிகிச்சைகள் குறைவாகவே நடந்தன, ஆயுளும் கூடியிருந்தது. எல்லா நோய்க்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆதரவுச் சிகிச்சை என்றாலே சீக்கிரம் அனுப்பிவைப்பது என்கிற கதையை உடைக்க இந்த ஓர் ஆய்வே போதும்.

அருணா ஷான்பாக் பெயரை அவர் இழுத்ததுதான் எனக்கு வியப்பு. 1973இல் கொடூரத் தாக்குதலுக்கு ஆளாகி நினைவிழந்த அருணாவை, மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர்கள் 2015 வரை பார்த்துக்கொண்டார்கள். அதுதான் போராட்டம் என்று உருகுகிறார். ஐயா, அந்தச் செவிலியர்கள் செய்தது என்ன? ஊட்டினார்கள், துடைத்தார்கள், புரட்டிப் படுக்க வைத்தார்கள். நாற்பது ஆண்டுக்கு மேல் படுத்திருந்தவருக்குப் படுக்கைப்புண் வராமல் காத்தார்கள். நீங்கள் எதிர்க்கிற சிகிச்சையின் அன்றாட வேலைகள் இவைதான். உங்கள் தரப்புக்கு என்று எடுத்துவந்த சாட்சி எங்கள் பக்கம் நின்று பேசுகிறது.

நோயாளியிடம் சொல்லக்கூடாது என்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. “அப்பாவுக்குத் தெரியாது டாக்டர், சொல்லிடாதீங்க” என்று மகன் வராந்தாவில் கெஞ்சுவது நமக்குப் பழகிய காட்சி. உள்ளே அப்பாவுக்கு எல்லாம் தெரியும். மகன் தாங்கமாட்டான் என்று அவரும் வாய் திறக்கமாட்டார். பாகம் பிரிப்பது, கோவிலுக்குப் போவது, பேச்சு நின்றுபோன தம்பியைக் கூப்பிட்டு அனுப்புவது எல்லாம் இதில் தவறிப்போகின்றன. தவறிப்போனது யாருடைய நாட்கள்?

அவர் சொன்னதில் நான் மதிக்கிற ஒரு கவலை உண்டு. உயிருள்ளபோதே எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தைச் சொத்துக்கு அலையும் பிள்ளைகள் தவறாகப் பயன்படுத்தலாம் என்கிறார். சொத்துக்காகப் பெற்றவரைக் கொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் உச்ச நீதிமன்றம் 2018இல் வகுத்து 2023இல் எளிமைப்படுத்திய வழிமுறையைப் பாருங்கள். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரின் சான்று, மருத்துவமனையில் மூன்று மருத்துவர் கொண்ட குழு, அதற்கு மேல் இன்னொரு குழு, மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல். எளிமைப்படுத்திய பிறகும் இவ்வளவு. அப்பாவைச் சீக்கிரம் அனுப்ப நினைக்கிற மகன் இத்தனை படி ஏறுவானா, இல்லை உங்கள் மருத்துவமனைக் கவுண்டரில் ஒற்றைக் கையெழுத்துப் போட்டு ஆம்புலன்ஸ் பிடிப்பானா? காவல் உள்ள வாசலைக் காட்டி அலறுகிறீர்கள். காவலே இல்லாத வாசலை நடத்துவது உங்கள் துறை.

இதெல்லாம் வசதியுள்ளவர்களின் ஆடம்பரம் என்று ஒரு வரி எழுதியிருக்கிறார், அதற்கும் பதில் உண்டு. 1993இல் கோழிக்கோட்டில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் நண்பர்களும் சிறிதாகத் தொடங்கிய வேலை, மலப்புறம் போன்ற மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் கைக்குப் போனது. 2008இல் கேரள அரசு அதற்கென்று கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்யும் ஆதரவுச் சிகிச்சையும் சேர்ந்திருக்கிறது. எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஏழைக்கு எட்டாதது எது, வாய்வழி மார்ஃபினா வென்டிலேட்டரா என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் பதில் சொல்லும்.

கட்டுரையாளரிடம் எனக்கு ஒரு கேள்வி மட்டும் பாக்கி. நீங்கள் பணிபுரியும் மருத்துவமனை மருந்தகத்தில் வாய்வழி மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா? இருந்தால், சென்ற மாதம் எத்தனை பேருக்கு எழுதினீர்கள் என்று அடுத்த இதழில் சொல்லுங்கள். இல்லையென்றால், அதை வாங்கி வைப்பதற்கான அங்கீகாரத்துக்கு முதலில் விண்ணப்பம் போடுங்கள். தலைக்கூத்தல் பற்றி அப்புறம் பேசலாம்.