முன்பணம் வாங்கியவன் குற்றவாளியல்ல

ஆள் வியாபாரம் என்றதும் நம்மில் பலருக்கு நினைவு வருவது பம்பாயிலும் கல்கத்தாவிலும் பெண்களை விற்கும் விடுதிகள்தான். அந்தக் கொடுமை மெய். ஆனால் அங்கே மட்டுமா நடக்கிறது? செங்கல் சூளையில் நடக்கிறது. அரிசி ஆலையில் நடக்கிறது. கல் உடைக்கும் இடத்தில் நடக்கிறது.

மழைக்காலத்தில் வேலையில்லை. வீட்டில் சீக்கு, அல்லது மகளுக்குக் கலியாணம். அந்த நேரம் பார்த்து மேஸ்திரி வருகிறான். குடும்பத்துக்கு இவ்வளவு என்று முன்பணம் தருகிறான். அன்று கண்டிச் சீமைக்கும் மலாயாவுக்கும் ஆள் பிடித்த கங்காணிக்கும் இவனுக்கும் என்ன பேதம்? கப்பலுக்குப் பதில் லாரி, அவ்வளவுதான். சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கு நோட்டு முதலாளி கையில். அரிசிக்குப் பிடித்தம், மருந்துக்குப் பிடித்தம். வேலைக்காலம் முடியும்போது கடன் குறையவில்லை, ஏறியிருக்கிறது! ஊரில் சாவு என்றால், "பெண்டாட்டி பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டு நீ மட்டும் போய் வா" என்கிறான்.

பஞ்சாலைத் தோழர்களுக்கு இது புதிய கதையல்ல. கோவை, திருப்பூர், திண்டுக்கல் வட்டாரங்களில் 'சுமங்கலித் திட்டம்' என்று மங்கலமாகப் பெயர் சூட்டி, ஏழைக் குமரிப் பெண்களை மூன்று வருஷ ஒப்பந்தத்தில் விடுதிகளில் அடைத்தார்கள். முடிவில் கலியாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை தருவோம் என்றார்கள். அந்தத் தொகை யாருடையது? அவர்கள் கூலியில் பிடித்து வைத்ததுதான். இடையில் உடம்பு முடியாமல் வீடு திரும்பியவள் அதையும் இழந்தாள்.

கேட்டால் முதலாளி என்ன சொல்கிறான்? "நான் யாரையும் கட்டி இழுத்து வரவில்லை. அவனே வந்தான், கை நீட்டிப் பணம் வாங்கினான்." வேதனை என்னவென்றால், நம்மவர்களே இதற்குத் தலையாட்டுகிறார்கள். 'வாங்கிய பணத்தைத் தீர்க்காமல் ஓடலாமா?' என்கிறார்கள். ஏழையின் இந்த நேர்மையைத்தான் அவன் பூட்டாக மாட்டுகிறான்.

சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் ரத்து; ஒரு காசும் திருப்பித் தர வேண்டியதில்லை. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்றால், அதை நிரூபிக்க வேண்டியவன் கடன் கொடுத்தவன்தான். குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வாங்கும் வேலை கட்டாய வேலையே என்று சுப்ரீம் கோர்ட் 1982-ல் தீர்ப்புச் சொன்னது. ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டலுக்கு ஆள் சேர்த்தால் அது குற்றம். இதில் பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்ற பேச்சுக்கே இடமில்லை. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த நியாய சன்ஹிதாவின் 143-ம் பிரிவு இதைச் சொல்கிறது. இ.பி.கோ. 370-ம் பிரிவில் 2013 முதலே இது இருந்தது.

சட்டம் இருந்து என்ன பயன் என்கிறீர்களா? நியாயமான கேள்வி. அதிகாரிகள் சூளைக்கு வருகிறார்கள். ஜனங்களை வேனில் ஏற்றி ஊரில் இறக்கிவிட்டுப் போகிறார்கள். கையில் காகிதம் இல்லை. அடுத்த மழையில் அதே மேஸ்திரி வாசலில் நிற்கிறான்.

அந்தக் காகிதத்தின் பெயர் விடுவிப்புச் சான்று. கலெக்டரோ, சப் கலெக்டரோ, ஆர்.டி.ஓ.வோ தர வேண்டும். கடன் ரத்தானதற்கு அதுவே அத்தாட்சி. உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கேட்பதற்கும் அதுவே ஆதாரம். மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், மிகக் கொடிய நிலையில் மீட்கப்பட்டோருக்கு 3 லட்சம். ஆனால் முழுத் தொகையை முதலாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு முடிச்சுப் போட்டிருக்கிறது சர்க்கார். வழக்கு வருஷக்கணக்கில் இழுத்தால் அடிமைப்பட்டவன் எதைத் தின்பான்? இந்த முடிச்சை அவிழ்க்க வேண்டும் என்பது நம் கோரிக்கை.

சூளையிலோ விடுதியிலோ யாராவது அடைபட்டிருப்பது தெரிந்தால் தாமதிக்க வேண்டாம். குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்களில் கூப்பிடலாம். சட்ட உதவிக்கு 15100. கட்டாய வேலைக்கும் ஆள் வியாபாரத்துக்கும் ஆளானவருக்கு வருமானம் எதுவாயினும் வக்கீல் இலவசம். அது உரிமை, தர்மமல்ல. மீட்பு நடக்கும் இடத்துக்குச் சங்கத் தோழர்கள் நேரில் போக வேண்டும். ஒவ்வொருவரிடமும் தனித்தனியே, மேஸ்திரி அருகில் இல்லாமல், வாக்குமூலம் வாங்கச் செய்ய வேண்டும். சான்று கைக்கு வராமல் யாரும் வண்டி ஏறக் கூடாது.

இன்னொன்றும் கேளுங்கள். ஜில்லாவுக்கும் வருவாய்க் கோட்டத்துக்கும் கண்காணிப்புக் குழு வேண்டும், அதில் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களிலிருந்து மூன்று பேர் இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டம். உங்கள் ஜில்லாவில் அந்த மூவர் யார், குழு கடைசியாகக் கூடியது எப்போது என்று கலெக்டர் ஆபீசில் மனுப் போட்டுக் கேளுங்கள்.