ஒன்பதாம் நாள் கண்ணாடி



சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஒன்றை மட்டும் மேஜை இழுப்பறையில் தனியே வைத்திருந்தேன். எழுதியவர் இருபத்தாறு வயது வாசகி. பெயரும் ஊரும் போடவேண்டாம் என்று கேட்டிருக்கிறார். மூக்குத் தண்டில் இருந்த மேட்டைக் குறைக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஒன்பதாம் நாள் பிளாஸ்டரைப் பிரித்தார்கள். கண்ணாடியைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: "பழைய மூக்கே தேவலாம் சார். அதிரசம் மாதிரி உப்பிக் கிடக்கிறது. அம்மா முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது."

எதற்குச் செய்துகொண்டீர்கள் என்று கேட்க ஆயிரம் பேர் இருப்பார்கள். அந்த வரிசையில் நான் வந்து நிற்கப்போவதில்லை. எனக்குத் தெரிந்த அறுவை சிகிச்சை மருத்துவரிடம் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ஒன்பதாம் நாள் கண்ணாடியில் வீக்கம்தான் தெரியும். மூக்கு தெரிய நாளாகும்" என்றார்.

தண்டின் மேட்டைச் சீவிய பிறகு, இரு பக்க எலும்பையும் வெட்டி நெருக்கி வைக்கவேண்டி வருமாம். அதனால்தான் கண்ணுக்குக் கீழே கன்றிக் கறுக்கிறது. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பச்சையும் மஞ்சளுமாக மாறி, இரண்டு வாரத்தில் பெரும்பாலும் மறைந்துவிடும். வீக்கத்துக்கு அந்த அவசரம் கிடையாது. முதல் சில வாரங்களில் பாதிக்கு மேல் வடிந்தாலும், நுனி மூக்கில் மிச்சமிருப்பது போக ஒரு வருடம் பிடிக்கும். தோல் தடித்தவர்களுக்கு இன்னும் கூட ஆகலாம். படுத்து எழுந்த காலையில் அதிகமாகவும் மாலையில் குறைவாகவும் தெரியும். ஆகவே, அம்மணி, காலையில் கண்ணாடி பார்க்காதீர்கள்!

இந்த அவசரமின்மை புதிதல்ல. திப்பு சுல்தானோடு ஆங்கிலேயர் போரிட்ட 1792இல், ஆங்கிலப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய காவஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு மூக்கறுபட்டார். பிறகு புணே பக்கத்தில் ஒரு நாட்டு வைத்தியர் அவருடைய நெற்றித் தோலை எடுத்து மூக்கு செய்துகொடுத்தார். அந்தச் செய்தி 1794 அக்டோபரில் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வெளியானது. அதில் என்னை இழுத்தது கத்தி வேலையைவிட, பிறகு வரும் நாள்கணக்குதான். ஐந்தாறு நாள் மல்லாந்தே படுக்கவேண்டும். பத்தாம் நாள் நாசியில் மெல்லிய துணி வைத்துத் துளையைத் திறந்து வைக்கவேண்டும். நெற்றியோடு ஒட்டியிருக்கும் தோல் துண்டை இருபத்தைந்தாம் நாள் வாக்கில் வெட்டிவிடவேண்டும். சுசுருத சம்ஹிதை என்ற பழைய மருத்துவ நூலிலும் இப்படிப் பின்கவனிப்பு உண்டு: மூச்சுக்கு இரண்டு சிறு குழல்கள், மேலே பஞ்சு, அதன்மேல் அடிக்கடி நல்லெண்ணெய்.

இன்றைக்கு நல்லெண்ணெய் வேண்டாம், ஆவி பிடிப்பதும் வேண்டாம். நம் வீட்டுப் பெரியவர்களுக்குத்தான் இதைச் சொல்லவேண்டும். மூக்கடைத்தால் பாட்டி உடனே அடுப்பில் தண்ணீர் வைப்பார். ஆறாத புண்ணுக்கு ஆவி ஆகாது; சூட்டில் ரத்தம் கசியலாம், மரத்துப்போன தோலில் சுட்டாலும் உறைக்காது. மருத்துவர் தந்த உப்புத் தண்ணீர் போதும். மூக்கைச் சிந்தவே கூடாது. தும்மல் வந்தால் அடக்காமல் வாயைத் திறந்து தும்முங்கள். இரவில் தலையணையை உயர்த்தி வைத்துப் படுங்கள். குனிந்து கோலம் போடுவதையும் குடம் தூக்குவதையும் சில வாரம் வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். தலைவழியாக மாட்டும் உடுப்புக்குப் பதில் முன்னால் பட்டன் வைத்தது நல்லது. மூக்குக் கண்ணாடி தண்டில் அழுந்தக் கூடாது. நான்கு முதல் ஆறு வாரம் அதற்கு வேறு வழி பார்க்கவேண்டும். வலிக்கிறதென்று ஆஸ்பிரின், இபுபுரூஃபன் எதையும் கடையில் நீங்களாக வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள், ரத்தக்கசிவு கூடும். மூக்குத்தியை எப்போது திரும்பப் போடலாம் என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

நிற்காத ரத்தம், காய்ச்சல், நாற்றமடிக்கும் சீழ், திடீரென்று கூடும் வலியும் அடைப்பும் என்று ஏதாவது வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

முதல் வாரங்களில் அழுகை வருவது பலருக்கும் நடப்பதாம். மயக்க மருந்து, தூக்கமின்மை, அடைத்த மூக்கு, அதோடு தெரியாத ஒரு முகம். யாருக்குத்தான் அழுகை வராது? ஆனால் அந்த அழுகையோடு போய் இன்னொரு முறை சரிசெய்யச் சொல்லி நிற்கக் கூடாது. மறுசிகிச்சைக்குப் பெரும்பாலான மருத்துவர்கள் ஒரு வருடமாவது பொறுக்கச் சொல்வதன் காரணம், வீக்கம் வடியாமல் எதைச் சரிசெய்யவேண்டும் என்பதே தெரியாது என்பதுதான்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இப்படி ஒருவரைப் பார்க்கப் போனால் பழமோ ஹார்லிக்ஸோ வாங்கிப் போங்கள். மூக்கைப் பற்றி அபிப்பிராயம் கொண்டுபோகாதீர்கள். "முன்னாடியே நல்லாத்தானே இருந்துச்சு" என்ற வார்த்தை அன்பில் வருவதுதான். கேட்பவருக்குத் தையல் போட்ட இடத்தில் விழும்.

போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போது வேண்டாம். அடுத்த பொங்கல் மலர் வேலை நடக்கும்போது ஒரு வரி எழுதுங்கள், அது போதும்.

அன்புடன்,
ஆசிரியர்